மினியை எவ்வளவு இறக்கலாம்? மரையை எண்ணுவதற்கு முன் அளக்க வேண்டியவை

கேள்வி இது: 1989 மேஃபேர் மினி, 12 அங்குலச் சக்கரம். வண்டியைக் கொஞ்சம் இறக்கி ஓட்ட ஆசைப்பட்டு நான்கு மூலையிலும் அட்ஜஸ்டபிள் டிரம்பெட் (சஸ்பென்ஷன் ரப்பரை அழுத்தும், திருகி நீளத்தை மாற்றக்கூடிய தண்டு) போட்டாயிற்று. முன்பக்கம் இடது மூலை வலதைவிட 15 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. சின்னப் பள்ளத்தில் விழுந்தாலே 'டக்' என்று இடிக்கிறது. டிரம்பெட்டில் எத்தனை மரை வெளியே தெரிய வேண்டும்?

மரைக் கணக்கை வைத்து மினியின் உயரத்தைச் சொல்லவே முடியாது. ஒரே மாதிரி இரண்டு வண்டியில் ஒரே எண்ணிக்கையில் மரையைத் திருகி வைத்தாலும் ஒன்று உயர்ந்து நிற்கும், இன்னொன்று தாழ்ந்து நிற்கும். காரணம் டிரம்பெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர். அது எத்தனை வருடம் பழசு, எவ்வளவு அமுங்கிப் போயிருக்கிறது என்பதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் சக்கரம் இன்னும் எவ்வளவு மேலே ஏற இடம் இருக்கிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை அதிலிருந்து முடிவு செய்யுங்கள். மரை கடைசியில் தானாக ஒரு இடத்தில் வந்து நிற்கும், அதை எண்ணவே வேண்டியதில்லை.

இந்த வண்டியின் சஸ்பென்ஷனைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். 1959இல் மினி வந்தபோது அலெக் இஸிகோனிஸ் பத்தடி நீளத்துக்குள் நாலு பேரை உட்காரவைக்க முயன்றார். வழக்கமான காயில் ஸ்பிரிங்குக்கு அதில் இடமில்லை. அலெக்ஸ் மோல்டன் அதற்குத் தந்த விடைதான் ரப்பர் கோன். உள்ளங்கையில் அடங்காத, ஆனால் இரண்டு கையில் தாராளமாக அடங்கும் ஒரு ரப்பர்க் கட்டி. அதை அழுத்துவது டிரம்பெட் என்கிற புனல் வடிவ அலுமினியத் தண்டு. டிரம்பெட்டின் மறுமுனையில் நக்கிள் ஜாயின்ட் என்கிற பந்து மூட்டு, அது உட்காருவது சஸ்பென்ஷன் ஆர்மில், அதாவது சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கையில்.

முன்னாலும் பின்னாலும் ஒரே கோன்தான். வித்தியாசம் நெம்புகோலில் இருக்கிறது. முன்பக்கம் சக்கரம் 3 மி.மீ. நகர்ந்தால் டிரம்பெட் ஏறத்தாழ 1 மி.மீ. நகரும். பின்பக்கம் சக்கரம் 5 மி.மீ. நகர்ந்தால்தான் டிரம்பெட் 1 மி.மீ. நகரும். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் முன் மூலையில் பாரம் அதிகம், பின்னால் குறைவு. அதே கோன் இரண்டு இடத்திலும் பொருந்துவதற்காக விகிதத்தை மாற்றியிருக்கிறார்கள். இந்த 3, 5 என்ற இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே விகிதம் ஆபத்தையும் சொல்கிறது. முன் மூலை ஒன்றில் 200 கிலோ பாரம் என்று வைத்தால் கோன் மேல் 600 கிலோ அளவுக்கு அழுத்தம் நிற்கிறது. கோனை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் மேல் ஆர்மைக் கழற்றவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் கூடாது.

சரி, 'டக்' சத்தத்துக்கு வருவோம். டிரம்பெட்டைக் குட்டையாக்கினால் ரப்பர் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. வண்டியின் எடை மாறவில்லை, நெம்புகோல் மாறவில்லை, அதனால் வண்டி நிற்கும்போது கோன் முன்பு எவ்வளவு அமுங்கியிருந்ததோ அவ்வளவேதான் இப்போதும் அமுங்கியிருக்கும். குறைவது ஆர்மின் மேலே இருக்கிற இடம். பம்ப் ஸ்டாப்புக்கு, அதாவது ஆர்ம் மேலே ஏறும்போது தடுத்து நிறுத்தும் முட்டுக்கு, அருகிலேயே ஆர்ம் போய் நிற்கிறது. சின்னப் பள்ளத்துக்கே முட்டிவிடுகிறது. இறக்கிய மினி முதுகை உடைக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் பம்ப் ஸ்டாப் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், பழியை ரப்பர் கோன் மேல் போடுகிறார்கள்.

டிரம்பெட்டைத் தொடுவதற்கு முன் இருக்கிற நிலையைப் பாருங்கள். பின் சப்ஃப்ரேம், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம், துருப்பிடித்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது முதல் வேலை. இங்கிலாந்தின் குளிர்கால உப்பில் ஓடிய மினியில் அது போயிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, போயிருந்தால் உயரத்தைப் பற்றிப் பேசுவதே வீண். அடுத்து நக்கிள் ஜாயின்ட். பந்தும் அது உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணமும் கிரீஸ் வற்றிப் போனால் கீச் கீச் என்று சத்தம் போடும், கிண்ணம் தேய்ந்து உடைந்துவிட்டால் அந்த மூலை சில மி.மீ. தானாக இறங்கும். முன்பக்கத்தில் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், பின்பக்கத்தில் ஐந்தால். உங்கள் 15 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு பங்கு அங்கே ஒளிந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

மூன்றாவது கோன். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ரப்பர் காலப்போக்கில் அமுங்கிப்போகும். பழைய கோனோடு நிற்கும் மினி ஏற்கெனவே இறங்கிய மினிதான். அதை 'ஸ்டாண்டர்ட் உயரம்' என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து இன்னொரு அங்குலம் குறைத்தால் ஆர்ம் போவதற்கு இடமே மிஞ்சாது. முந்தைய உரிமையாளர் அதைச் சரிக்கட்ட ஒரு பக்கம் மட்டும் வாஷர் சொருகியிருக்கவும் கூடும், டிரம்பெட் மாற்றும்போது அது உள்ளேயே தங்கிவிட்டதா என்று பாருங்கள். கோன் பழசாக, வெடிப்புவிட்டு இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதுக் கோன் போட்டால் சமமாக நிறுத்தவே முடியாது. புதுக் கோன் போட்டதும் வண்டி வயல் டிராக்டர் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், பதற வேண்டாம். சில நூறு மைல் ஓடிய பிறகுதான் அது படியும். அதுவரை கடைசி உயரத்தை வைக்காதீர்கள், அலைன்மென்ட்டுக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் ரப்பர் கோன் வண்டிக்கு மட்டும். 1964 முதல் சில வருடங்கள் மினி சலூன்களில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷன் வந்தது. அதில் ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் குழாயால் இணைந்திருக்கும். அதை இறக்கும் கதையே வேறு. உங்கள் 1989 வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை.

இனி முக்கியமான வேலை, மேல்முட்டு எங்கே என்று அளப்பது, அதாவது சக்கரம் மேலே ஏறி முட்டி நிற்கும் எல்லையை. வண்டியை சப்ஃப்ரேமுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து உறுதியாக நிறுத்துங்கள். கம்ப்ரஸர் கருவியால் கோனை அமுக்கி முன் டிரம்பெட்டை வெளியே எடுங்கள். ஷாக் அப்சார்பரையும் ஒரு முனையில் கழற்றி விடுங்கள். இப்போது ஆர்ம் கையால் தூக்கினாலே ஏறி இறங்கும். சக்கரத்தை மாட்டிவிட்டு, ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுங்கள். ஆர்ம் பம்ப் ஸ்டாப்பில் முட்டி, ஸ்டாண்டிலிருந்து வண்டியின் உடம்பு லேசாக எழும்பப் பார்க்கும். அந்த நொடியில் நிறுத்துங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். அதுதான் அந்த மூலை போகக்கூடிய கடைசி எல்லை.

ஜாக்கியை எடுப்பதற்கு முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். டயர் எங்கே உரசுகிறது என்பது இங்கே பச்சையாகத் தெரியும். டார்ச் அடித்து உள்பக்கம், பின் விளிம்பு, பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் வண்டி வந்த 145/70 டயருக்குப் பதில் 165/60 போட்டிருந்தால் டயரின் உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அகலம் 20 மி.மீ. கூடியிருக்கும். உரசல் ஓரத்தில்தான் வரும். பின்பக்கத்தையும் இதே மாதிரி அளந்துகொள்ளுங்கள்.

இப்போது கணக்கு எளிது. சாலையில் ஓட்டும் மினிக்கு, வண்டி நிற்கும் நிலையிலிருந்து மேல்முட்டு வரை சக்கரத்துக்குக் குறைந்தது 50 மி.மீ. இடம் வேண்டும் என்பது என் கருத்து. பின்னால் ஆள் உட்காரும் வண்டி என்றால் பின்பக்கம் அதற்கும் கூடுதலாக. மேல்முட்டு அளவோடு 50ஐக் கூட்டுங்கள், அதுதான் நீங்கள் தாண்டிக் கீழே போகக்கூடாத உயரம். பார்வைக்கு எது அழகோ அதை இந்தக் கோட்டுக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கோன் உள்ள வண்டியில் 25 முதல் 30 மி.மீ. வரை இறக்கினால் சாலைக்கு அதுவே தாராளம், அழகாகவும் இருக்கும்.

உயரத்தை வைக்கும் முறைக்கு வருவோம். தரை சமமாக இருக்க வேண்டும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. கராஜ் தரை பெரும்பாலும் வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தை நீளமான பலகையும் ரசமட்டமும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு போட்டுச் சமப்படுத்துங்கள். டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். பெட்ரோல் அரை டேங்க். உங்கள் வண்டியின் டேங்க் 34 லிட்டர், டிக்கியின் இடது பக்கத்தில் இருக்கிறது. நிறைத்தால் 25 கிலோ அந்தப் பின் இடது மூலையில் ஏறும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வையுங்கள், இல்லை யாரையாவது உட்காரச் சொல்லுங்கள். வலது கை ஓட்டு வண்டியில் ஓட்டுநரும் டேங்கும் எதிரெதிர் மூலையில் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் அளந்தால் கணக்கு கோணலாகிவிடும்.

மேல்முட்டு பார்க்க மட்கார்டு விளிம்பு போதும், ஏனென்றால் அங்கே ஒரே மூலையின் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் இடதையும் வலதையும் ஒப்பிட அது உதவாது. முப்பது வருடம் தாண்டிய மினியில் மட்கார்டு மாற்றியிருப்பார்கள், சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடித் தகடு) வெட்டி ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பற்றவைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. அதனால் தரையிலிருந்து சப்ஃப்ரேமின் ஒரே இடத்துக்கு, உதாரணமாக இரண்டு பக்கமும் ஒரே போல்ட்டின் தலைக்கு, அளந்து ஒப்பிடுங்கள்.

உங்கள் 15 மி.மீ. பிரச்சினை இங்கேதான் வருகிறது. முன் இடது தாழ்ந்திருப்பதற்குக் காரணம் முன் இடது மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு கால் மேசையில் பின் வலது கால் நீளமாக இருந்தால் பாரம் அந்தக் காலுக்கும் அதற்கு நேர் குறுக்கே உள்ள முன் இடது காலுக்கும் போகும். மினியிலும் அதேதான். பின் வலது டிரம்பெட் அதிகம் நீண்டிருந்தால் முன் இடது கோன் கூடுதலாக அமுங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின் சப்ஃப்ரேமின் நடுவில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால், பின் சக்கரங்கள் தரையை விட்டு லேசாக எழும் வரை மட்டும் தூக்குங்கள். இப்போது வண்டியின் பின்பாகம் ஒரே புள்ளியில் நிற்கிறது, முன்பக்கத்தைச் சாய்க்கும் சக்தி அதற்கு இல்லை. வண்டியைக் கொஞ்சம் அசைத்துவிட்டு முன் உயரங்களை அளங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் குற்றவாளி பின்பக்கம். அப்படியே இருந்தால் முன்பக்கம். ஆன்டி ரோல் பார் (இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) பொருத்தியிருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் யாரும் வண்டிக்கு அடியில் போகவேண்டாம், டேப்பை வெளியிலிருந்து நீட்டினால் போதும்.

முன்பக்கம்தான் காரணம் என்று தெரிந்தால் 15ஐ 3ஆல் வகுங்கள். டிரம்பெட்டில் 5 மி.மீ. மாற்றம். அதை முழுவதும் ஒரே பக்கம் ஏற்றாமல், இடதை 2.5 ஏற்றி வலதை 2.5 இறக்கலாம், இரண்டு பக்கமும் மேல்முட்டுக் கோட்டுக்கு மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நீளம் மாறுகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பத்து மரையின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். 1.5 மி.மீ. என்று வந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு முன் சக்கரத்தில் 4.5 மி.மீ., பின் சக்கரத்தில் 7.5 மி.மீ. மாறும். பின்பக்கம் அரைச் சுற்று கூடக் கண்ணுக்குத் தெரியும்.

பாரம் நிற்கும்போது டிரம்பெட்டைத் திருகாதீர்கள், மரை பிய்ந்துவிடும். வண்டியைத் தூக்கி, பாரத்தை இறக்கி, லாக் நட்டைத் தளர்த்தித் திருகுங்கள். மரையில் துருவைத் தடுக்கும் கிரீஸை நிறையவே பூசுங்கள், குறிப்பாகப் பின்னால். சாலை அழுக்கும் உப்பும் நேராக அங்கேதான் போய் அடிக்கும், ஒரு குளிர்காலம் முடிந்து ஸ்பேனர் போட்டால் அசையாது. திருகியதும், வண்டி தூக்கியபடி இருக்கும்போதே நக்கிள் பந்து கிண்ணத்தை விட்டு விலகவில்லை என்று விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு இறக்குங்கள்.

இறக்கியவுடன் அளக்காதீர்கள். ஜாக்கியில் தொங்கிய சக்கரங்கள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு தரையில் உட்காரும், வண்டி பொய்யாக உயர்ந்து காட்டும். நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன்னாலும் பின்னாலும் அமுக்கி விட்டு, அப்புறம் அளங்கள். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற மூன்றும் கொஞ்சம் மாறும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நான்கையும் எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ.க்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். பக்கவாட்டில் பார்த்தால் சில்லின் பின்முனை முன்முனையைவிட 10 முதல் 15 மி.மீ. உயர்ந்து இருக்கட்டும். காலியாக நிற்கும்போது சமமாக வைத்தால், பின்னால் இரண்டு பேர் ஏறியதும் வண்டி வாலைத் தரையில் போட்டுக்கொண்டு போகும்.

பின் ஷாக் அப்சார்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின் ஆர்ம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் நீளம்தான். டிரம்பெட்டைக் குட்டையாக்கிவிட்டுப் பழைய நீள ஷாக்கையே விட்டால், வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது ஆர்ம் தொங்கி, டிரம்பெட் இடத்தை விட்டுக் கழன்று விழும். திரும்ப இறக்கும்போது கோணலாக உட்கார்ந்து நக்கிளை உடைக்கும். டயர் மாற்றத் தூக்கினால்கூட இது நடக்கும். இறக்கிய வண்டிக்கென்று வரும் குட்டை ஷாக் போடுங்கள். மேட்டில் வேகமாகப் போய் சக்கரம் தரையை விட்டு எழும்போதும் இதே ஆபத்துதான், அதனால் இதில் சிக்கனம் வேண்டாம்.

எல்லாம் வைத்த பிறகு ஒரு சோதனை. பம்ப் ஸ்டாப்பின் முகத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டி, நீங்கள் தினமும் போகும் சாலையில் போய் வாருங்கள். திரும்பி வந்து பாருங்கள். தொடப்படாமல் இருந்தால் நிம்மதி. ஓரளவு நசுங்கியிருந்தால் பரவாயில்லை. காகிதமாகத் தட்டையாகியிருந்தால் அந்த மூலையை ஏற்றுங்கள். வேகத்தடை நிறைந்த ஊரில், கொழும்பிலோ லண்டனின் உள்தெருக்களிலோ ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மினியின் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில், அதே எண்ணெயில் ஓடுகிறது. தரைக்கு அருகில் தொங்குவது அந்த அலுமினிய உறை. வேகத்தடையில் அது அடிபட்டு விரிசல் விட்டால் இன்ஜின் எண்ணெய் மொத்தமும் சாலையில். இறக்கிய வண்டிக்கு அந்த உறைக்கு அடியில் மாட்டும் சம்ப் கார்டு என்ற காப்புத் தகடு கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

உயரம் முடிவானதும் அலைன்மென்ட். இறக்கினால் முன் கேம்பர் கொஞ்சம் நெகட்டிவ் பக்கம் போகும், அதாவது சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாயும், அது நல்லதுதான், திருப்பத்தில் பிடிப்பு கூடும். டோ, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறியிருக்கும், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன் சக்கரங்கள் 1.5 மி.மீ. அளவுக்கு வெளிப்பக்கம் விரிந்து இருக்க வேண்டும். முன்சக்கர இழுவை வண்டி என்பதால் ஓடும்போது அவை உள்ளே இழுத்துக்கொண்டு நேராகிவிடும். பின்னால் 3 மி.மீ. அளவுக்கு உள்பக்கம். பின் டோ சரியில்லாவிட்டால் நேர்ச் சாலையிலேயே வண்டி அலையும், அதைச் சரிசெய்ய ஸ்டாண்டர்ட் வண்டியில் வழியில்லை, அட்ஜஸ்டபிள் பிராக்கெட் வாங்க வேண்டும்.

ஹெட்லைட்டையும் மறக்காதீர்கள். மூக்கு இறங்கினால் வெளிச்சம் காலடியில் விழும், வால் இறங்கினால் எதிரே வருபவரின் கண்ணில் விழும். பிரிட்டனில் நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையிலிருந்து விலக்கு. உங்கள் 1989 வண்டி இன்னும் அதற்குள் வரவில்லை, சோதனையில் விளக்கின் கோணத்தையும் பார்ப்பார்கள். இறக்கியதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கணக்கில் இது மாடிஃபிகேஷன்தான்.

இந்த வாரக் கடைசியில் பின்பக்கத்தை நடுவில் தூக்கி அந்த ஒரு அளவை மட்டும் எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையின் எண்களும், கோன் எத்தனை வருடம் பழசு என்பதும் தெரிந்தால் எந்த டிரம்பெட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.